தொண்ணூறில் ஆடும் வண்டி

"எண்பத்தஞ்சு," என்றார் அங்கப்பன். "இப்பப் பாரு."

பின்சீட்டில் அவர் மனைவி பழனாத்தாள் மடியில் ஒரு பித்தளைச் செம்பை வைத்திருந்தாள். கழுத்துவரை தண்ணீர். சிந்தினால் சொல்ல வேண்டும். சிந்தாதவரை வேறு பேச்சு கூடாது. வண்டி கருமத்தம்பட்டியைத் தாண்டி அவிநாசிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"எண்பத்தெட்டு."

"இன்னும் இல்லீங்க."

"தொண்ணூறு."

செம்புக்குள் தண்ணீர் நடுங்கியது. பிறகு துள்ளியது. சீட்டுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து மாவு சலிப்பது போல இருந்தது.

"சிந்துதுங்க."

"எவ்வளவு?"

"சேலை நனையற அளவுக்குங்க."

அங்கப்பன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்ல. கல்லாட்ட நிக்குது. ஸ்டியரிங் ஆடுனா முன்னாடி கோளாறு. சீட்டு ஆடுனா பின்னாடி. இது பின்னாடிதான்." காரணம் தெரியாவிட்டாலும் திசை தெரிந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. வேகத்தைக் குறைத்தார். எண்பதில் வண்டி பரம சாதுவாக ஓடியது.

இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தினார். பழனாத்தாள் இறங்கிச் சேலையைப் பிழிந்தாள். அப்போது ஓசூரிலிருந்து சம்பந்தி பாலகோபால் அழைத்தார். அங்கப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, சௌக்கியங்களா? வண்டி ஆடுதுன்னு பிரியா சொல்லுச்சுங்க. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. கட்டுச்சோறு முடிஞ்சதும் நம்ம வண்டியிலயே கொண்டாந்து உட்டுப்போடறமுங்க. அதுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாமுங்க."

"ஆட்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கறனுங்க."

"அது சரிங்க. பழைய வண்டின்னா அப்படித்தானுங்க இருக்கும். நீங்க பார்த்து வாங்குனதால இந்த அளவுக்காவது இருக்குதுங்க."

கொங்கு நாட்டில் ஒருவரை இதைவிடக் கடுமையாகத் திட்ட வழியில்லை.

விஷயம் இதுதான். மகள் சண்முகப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். புதன்கிழமை ஓசூரில் கட்டுச்சோற்று விருந்து. பிறந்த வீட்டார் சோற்று வகைகளைக் கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அழைத்து வருவது பிறந்த வீட்டு வண்டியாக இருக்க வேண்டும். சம்பந்தி வண்டியில் பெண் வந்து இறங்கினால் ஊர் எதுவும் சொல்லாது. சொல்லாமல் இருப்பதைத்தான் அங்கப்பனால் தாங்க முடியாது. டாக்டரோ, குலுங்காமல் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருந்தார். ஓசூர் வரை முழுக்க நெடுஞ்சாலை. எண்பதில் ஓட்டலாமே என்று பழனாத்தாள் ஒருமுறை கேட்டாள்.

"சம்பந்தி முன்னாடியும் பின்னாடியும் வண்டியில வருவாப்ல. லாரியெல்லாம் நம்மளத் தாண்டிப் போறதை அவரு பார்க்கோணுமா?" என்றார் அங்கப்பன்.

அங்கப்பன் சோமனூருக்கு அடுத்த ஒரு நூற்பாலையில் பராமரிப்பு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கருவி ஒன்றே ஒன்று. நீளமான திருப்புளி. ஓடும் இயந்திரத்தின் மேல் அதன் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்களும் மூச்சை அடக்குவார்கள். பிறகு கண்ணைத் திறந்து "பேரிங்" என்பார்.

ஆலையில் பெரும்பாலும் பேரிங்தான். அதனால் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் ஊரில் ஆழ்குழாய் மோட்டார், கிரைண்டர், துணி துவைக்கும் மெஷின், எது முனகினாலும் அவரைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஓடவே ஓடாத ஒரு மோட்டாரின் மேல் திருப்புளியை ஊன்றி நெடுநேரம் கேட்டார். பேரிங் என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுப்பது அந்த ஊர்ப் பழக்கமில்லை. பேரிங்கை மாற்றினார்கள். அப்புறம் அவர் இல்லாத நேரம் பார்த்து, உண்மையில் கெட்டுப்போயிருந்ததையும் மாற்றினார்கள். அப்புறம் வீடு தேடி வந்து, "நீங்க சொன்னதுதானுங்க, இப்ப ஜம்முனு ஓடுது" என்று ஒரு சீப்பு பழமும் கொடுத்துப் போனார்கள். ஒரு மனிதர் தவறே செய்யாமல் ஒரு ஆயுளைக் கழிக்க இவ்வளவு பேருடைய ஒத்துழைப்பு தேவைப்படுகிறது.

இந்த வண்டியையும் அவர் திருப்புளி வைத்துக் கேட்டுத்தான் வாங்கினார். ஒருவர் மட்டும் ஓட்டியது, வெள்ளை நிறம். வாங்கிய அன்று நூறில் ஓட்டிப் பார்த்தபோது ஆடவில்லை. இதை அவர் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். யாரும் நம்பவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் பேரிங் என்றார். நாலு சக்கரத்துக்கும் பேரிங் மாற்றியாயிற்று. வேலை சரியாக நடக்கிறதா என்று பட்டறையில் கூடவே இருந்து மேற்பார்வை பார்த்தார். உட்கார ஸ்டூல் இல்லை. கழற்றிப் போட்ட பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்து நரசிம்மலு தறி ஓட்டுகிறவர். "சாப்ட்டுக் கம்பி வளைஞ்சிருக்குமுங்க, தறியில அப்படித்தான் வரும்," என்றார். பம்ப்செட் செய்யும் ஒருவர், உள்ளே சுழல்கிற ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும் என்றார். எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர் பெல்ட் என்றார். அந்த வட்டாரத்தில் சுழலும் பொருள் ஒன்றைச் செய்யாத வீடு குறைவு. ஆகவே கருத்து இல்லாத வீடும் குறைவு.

பிறகு கோயமுத்தூரில் கம்பெனி சர்வீஸ். மனோஜ்குமார் என்ற இளைஞன் டேப்லெட்டோடு வந்து, சார், என்ஜினைத் தாங்குற ரப்பர் மவுண்டிங் போயிருக்கு என்றான். மாற்றினார்கள். என்ஜின் முன்னைவிட அமைதியாயிற்று. அந்த அமைதியில் ஆட்டம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை கரீமின் டயர் கடைக்குப் போனார்கள். கருமத்தம்பட்டி சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. கரீம் ஓடி வந்து, "வாங்க ஃபோர்மேன் அண்ணா, வாங்க அம்மணி," என்று ஃபேனுக்கு நேர்கீழே இரண்டு நாற்காலியைப் போட்டான். மரியாதையான இடம். அங்கே உட்கார்ந்தால் ரோடு தெரியும், வேலை தெரியாது. அங்கப்பன் டீ குடித்துக்கொண்டு ரோட்டில் போகிற வண்டிகளின் பேரிங்கைக் காதாலேயே ஆராய்ந்தார்.

சற்று நேரத்தில் கரீம் கூப்பிட்டுக் காட்டினான். பேலன்ஸ் மெஷினில் சக்கரம் சுற்றி நின்றது. திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம்.

"நாலு சக்கரமும் பூஜ்யமுங்க அண்ணா. பின்னாடி சக்கரத்தை முன்னாடியும் முன்னாடி சக்கரத்தைப் பின்னாடியும் மாத்திப் போட்டுட்டன். டயரு ஒரே சீரா தேயும்."

"ஆடாதல்ல?"

"எப்படிங்க ஆடும்?"

அவிநாசிப் பக்கம் மறுபடி செம்போடு கிளம்பினார்கள். தொண்ணூறில் தண்ணீர் அசையவில்லை. பழனாத்தாள் செம்பை எட்டிப் பார்த்து, "இல்லீங்க!" என்று கத்தினாள். முன்னால் அங்கப்பனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து உதறிக்கொண்டிருந்தன. முழங்கைச் சதை ஆடியது.

"முன்னாடி வந்துருச்சு," என்றார்.

"எது?"

"ஆட்டம். கெரகம், எடம் மாறி உக்காந்துக்குச்சு."

ஓரமாக நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்துப் பழனாத்தாளுக்குப் பாவமாக இருந்தது. ஏதாவது கேட்டால் விளக்குவார், விளக்கினால் தெம்பு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, அந்த பேலன்ஸ்னா என்னங்க?"

தெம்பு வந்தது. "சக்கரம் சுத்துதில்ல? ஒரு பக்கம் துளி வெயிட்டு சாஸ்தியா இருந்தா, மெதுவாப் போறப்ப தெரியாது. வேகம் கூடக்கூட அந்த வெயிட்டு வெளிய இழுக்கும். மொத்த வண்டியும் ஆடும்."

"எவ்வளவு வெயிட்டுங்க?"

"கிலோ கணக்குன்னு நெனைக்காத. ஒரு கைப்பிடி மண்ணு ஒட்டியிருந்தாப் போதும்."

பழனாத்தாள் செம்பைக் கீழே வைத்தாள். வண்டி மறுபடி கிளம்பியதும் முன்பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"மண்ணுன்னா, எந்த மண்ணா இருந்தாலுமுங்களா?"

"மண்ணுல என்ன எந்த மண்ணு? வெயிட்டுதான் கணக்கு."

"இல்ல, கோயில் மண்ணு அந்த மாதிரி..."

"கோயில் மண்ணுக்கு மட்டும் வெயிட்டு இல்லாமப் போயிருமா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கவனிக்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அங்கப்பன் பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பழனாத்தாள் முன்சக்கரத்தின் அருகே மண்டியிட்டிருந்தாள். கை சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே முழங்கைவரை உள்ளே போயிருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது.

"என்ன புள்ள பண்ற?"

அவள் கையை உருவினாள். விரல் நுனியில் மஞ்சள். அங்கப்பன் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். ஆரத்துக்குப் பின்னால், விளிம்பை ஒட்டி, மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. கோழி முட்டையில் பாதி அளவு. மூன்று சுற்று நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே சந்தனப் பொட்டு.

"இது என்ன?"

"நம்ம குலக்கோயில் புத்துமண்ணுங்க. பிரியாளுக்கு நல்லபடியாப் பொறக்கோணும்னு வேண்டிக் கட்டுனனுங்க. பொறந்த பொறவு கோயில்ல கொண்டுபோய் அவுக்கோணும். புள்ளையக் கூட்டியாரப் போற வண்டியில கட்டுன்னு பூசாரி சொன்னாருங்க."

"வண்டியில கட்டுன்னா சக்கரத்துலயா கட்டுவ?"

"முன்னாடி கண்ணாடியில கட்டலாம்னுதான் வந்தனுங்க. கண்ணாடியில ஒரு நூலு தொங்குனாலும் அறுத்து வீசிப்போடுவன்னு நீங்கதான் சொன்னீங்க. பார்வை மறைக்கும்னீங்க. அதான், உங்க பார்வைக்கு மறைவாக் கட்டிப்போட்டனுங்க."

அங்கப்பன் வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "எப்பக் கட்டுன?"

"வாங்குன மக்கா நாளே, விடிஞ்சதுமுங்க."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். முதலில் அவருக்குத் தோன்றியது கோபமில்லை. வாங்கும்போது வண்டி ஆடவில்லை, தான் சொன்னது சரி என்பதுதான். இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்து இன்னொன்று தோன்றியது. பட்டறைக்குப் போன் போட்டார்.

"பேரிங் மாத்துனப்ப சக்கரத்துக்குள்ள ஒரு முடிச்சு இருந்துதா?"

"இருந்துதுங்களே. அந்தப் பக்கம் கால் படாம, கவுத்துப் போடாம பதனமாத்தானுங்க வெச்சோம். நீங்கதானுங்க அது மேல உக்காந்துட்டீங்க. எந்திரிங்கன்னு எப்படிங்க சொல்றது?"

மனோஜ்குமாருக்குப் போட்டார். "பார்த்தோம் சார். அவுத்து ஒரு கவர்ல போட்டு வெச்சு, டெலிவரிக்கு முன்னாடி அதே இடத்துல கட்டிட்டோம் சார். சந்தனம் எங்க சைடுல இருந்து வெச்சது சார்."

கரீமின் கடைக்கு நேராகவே போனார்கள். அங்கப்பன் ஃபேனடி நாற்காலியில் உட்காரவில்லை.

"நேத்து இதைப் பார்த்தியா?"

"பார்த்தனுங்க அண்ணா. கையைக் கழுவிட்டு அவுத்தனுங்க. சுத்தமான தட்டுல வெச்சு மேல ஒரு துணி போட்டு மூடுனனுங்க. பேலன்ஸ் பார்த்து பூஜ்யம் வந்த பொறவு, எந்த எடத்துல இருந்துதோ அதே எடத்துல நூலு மாறாம கட்டிட்டனுங்க."

"கட்டுனா அது பூஜ்யமா?"

"பூஜ்யமில்லீங்க."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

கரீம் சங்கடமாகச் சிரித்தான். "சாமி சமாச்சாரமுங்க. அதுவும் நீங்க. வெயிட்டப் பத்தி ஃபோர்மேன் அண்ணனுக்கு நான் சொல்றதா? ஏதோ கணக்கு வெச்சுத்தான் கட்டியிருப்பாருன்னு நெனச்சனுங்க."

அங்கப்பனுக்கு வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னை யாராவது மறுத்திருக்கலாம் என்று தோன்றியது. மறுத்தவர் வீட்டுப் பக்கம் அதன்பிறகு அவர் போயிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

பழனாத்தாளின் கவலை வேறாக இருந்தது. "அப்ப ரெண்டு எடத்துல அவுத்திருக்கறாங்களா?"

"நாங்கதானுங்க அவுத்தோம் அம்மணி, நீங்க இல்லீங்களே," என்றான் கரீம்.

அவள் யோசித்தாள். "அது சரி."

"அப்ப இப்பவும் அவனே அவுக்கட்டும்," என்றார் அங்கப்பன். "உள்ள டிக்கியில பத்திரமா வெச்சுக்கலாம்."

"தெரியாம அவுத்தது வேறைங்க. தெரிஞ்சு அவுக்கறது வேறைங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?"

முடிச்சை அவிழ்க்காமலே சரிபார்ப்பதென்று ஆயிற்று. சக்கரத்தைக் கழற்றி முடிச்சோடு மெஷினில் மாட்டினான் கரீம். சுற்றினான். ஒரு எண் வந்தது. மறுபடி சுற்றினான். வேறு எண். துணிக்குள் மண் நகர்கிறது என்றான். பழனாத்தாள் காரிலிருந்து செம்பை எடுத்து வந்து, மஞ்சள்பொடி கலந்து, முடிச்சின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். மண் இறுகியது. எண் நிலைத்தது.

"எதுத்தாப்புல இந்த அளவுக்கு ஈயக்கட்டி ஒட்டுனா முடிஞ்சுதுங்க," என்று கரீம் ஒன்றை எடுத்தான்.

"சாமிக்கு எதுத்தாப்புல ஈயத்தையா ஒட்டறது?" என்றாள் பழனாத்தாள்.

கரீம் ஈயத்தைக் கீழே வைத்துவிட்டான். வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்களும் கையை நிறுத்தினார்கள். டயர் வாங்க வந்திருந்த ஒருவர், "அம்மணி சொல்றது நாயந்தானுங்க," என்றார்.

கடைசியில் வழி ஒன்றுதான் இருந்தது. எதிர்ப்பக்கமும் அதே மண், அதே துணி, அதே எடை. புற்றுமண் வீட்டில் மிச்சம் இருந்தது. போய் எடுத்து வந்தார்கள். மெஷின் காட்டிய அளவுக்குக் கரீம் ஒரு சின்னத் தராசில் நிறுத்துக் கொடுத்தான். பழனாத்தாள் துணியில் கொட்டி, முடியப் போனவள் நிறுத்தினாள்.

"யாரு பேர்லைங்க?"

"யாரு பேர்லயா? பேலன்ஸ் பேர்ல."

"நேர்த்தின்னா ஒரு ஆள் வேணுமுங்க. சும்மா கட்டுனா அது வெறும் மண்ணு."

"உன்ற பேர்லயே கட்டு."

"எனக்கு என்ன கொறைங்க? சம்பந்தி பேர்ல கட்டலாமுங்க. அவரு வண்டியத் தாரேன்னு நல்ல மனசோட சொன்னாரு, நாம வேண்டாங்கப் போறோம். மனசு சங்கடப்படுவாரில்ல. நீங்களே வேண்டிக்குங்க. ஆம்பளைக்கு ஆம்பளை வேண்டறதுதான் மொறை."

அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. டயர் வாங்க வந்தவர் மட்டும் தலையை ஆட்டினார். அங்கப்பன் கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். மெஷின் காத்திருந்தது. அவர் அந்தச் சிறு முடிச்சைக் கையில் வாங்கி, திருப்புளியைக் காதில் வைக்கும்போது மூடுவது போலவே கண்ணை மூடினார்.

"சம்பந்தி நல்லா இருக்கோணும்," என்றார்.

"பேரு சொல்லோணுமுங்க."

"பாலகோபால் நல்லா இருக்கோணும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கரீம் சக்கரத்தைச் சுற்றினான். இரண்டு பக்கமும் பூஜ்யம்.

மறுநாள் புதன்கிழமை. விடிவதற்கு முன் கிளம்பினார்கள். புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் மற்ற வகைகளும் தூக்குப் பாத்திரங்களில் டிக்கியில் இருந்தன. சங்ககிரி தாண்டி நூறு வரை ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் ஆடவில்லை, சீட்டும் ஆடவில்லை. ஓசூரில் விருந்து நல்லபடி நடந்தது. பாலகோபால் வாசலில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, முன்சக்கரத்துக்குள் மஞ்சள் துணியைக் கண்டு, நல்ல காரியமுங்க என்றார். தன் மனைவி சாமியாத்தாளையும் கூப்பிட்டுக் காட்டினார். புறப்படும்போது சாமியாத்தாள் பழனாத்தாளைத் தனியே அழைத்து, தங்கள் குலக்கோயில் மண்ணையும் ஒரு முடிச்சாகக் கட்டியிருப்பதாகச் சொன்னாள். இடது பின்சக்கரம். கொஞ்சம் பெரிதாகவே கட்டியிருந்தாள். கிருஷ்ணகிரி தாண்டித் தொண்ணூறில் சீட்டு ஆடியது. பழனாத்தாள் அப்போதுதான் கணவரிடம் சொன்னாள். அவர் வேகத்தை எண்பதுக்குக் குறைத்தார். லாரிகள் தாண்டிப் போயின. பின்னால் வந்த பாலகோபாலின் பெரிய வண்டியும் எண்பதிலேயே வந்தது. என்னப்பா ஆடுச்சு என்று சண்முகப்பிரியா கேட்டாள். பேரிங் கண்ணு என்றார். அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெருந்துறையில் டீ குடித்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள்.